இராயப்பருக்கும் அந்தோணியாருக்கும் நடுவே

பினாங்கு வருமான வரி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்ததில், சிரித்த முகத்தோடு என் மேசைக்கு வந்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் பக்கத்துக் கட்டடத்தில் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்து வழி தவறியவர். இது என்ன அலுவலகம் என்று சொன்னதும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

எங்கள் அலுவலகக் கார் ஓட்டுநர் சவேரி, தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். அவருடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம். எனக்கு ஒரு மாத விடுப்பு சேர்ந்திருந்தது. சாத்தான்குளத்தில் இருக்கும் அப்பா வழிச் சொந்தக்காரர்களை நாற்பத்தைந்து வயதுக்குள் ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக் கிளம்பினேன். "போற வழிதானேக்கா" என்று சொல்லிச் சவேரி ஓர் அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்தார். உள்ளே மணப்பெண் தலையில் போடும் வெள்ளை நெட்டும், மெழுகில் செய்த பூமுடியும் இருந்தன. அந்த ஊர் போகிற வழியில் இல்லை என்பது இங்கே வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அப்படி ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இராயப்பர் கோயில் இருக்கிற மீனவர் ஊர், ஆலந்தலைக்கு ரொம்பத் தூரமில்லை. இவ்வளவு போதும்.

சனிக்கிழமை காலையில் தூத்துக்குடியில் ரயிலை விட்டு இறங்கினேன். புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. பாறை ஏற்றிய லாரிகள் தெருவை அதிரவைத்துக்கொண்டு போயின. காற்றில் உப்பு, கருவாடு, டீசல் மூன்றும் சம பங்கில் இருந்தன. பினாங்குத் துறைமுகத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. அதிர்ச்சி மக்ரூனில் இருந்தது. முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்து ஊதினால் பறக்கிற மாதிரி ஒரு பண்டம். ஒரு பொட்டலம் வாங்கி லாட்ஜ் வாசலில் நின்றபடியே தின்று முடித்துவிட்டு, இன்னொன்று வாங்கப் போனேன்.

லாட்ஜை நடத்திய அண்ணாச்சி பதிவேட்டில் என் வேலையை எழுதச் சொன்னார். எழுதினேன். படித்துப் பார்த்தவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். இந்த வருடம் வியாபாரமே இல்லை, மாடி அறைகள் பூட்டியேதான் கிடக்கின்றன என்று நான் கேட்காமலே சொன்னார். அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து ஏழெட்டுப் பேர் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வரிசையாக இறங்கி வந்தார்கள். சொந்தக்காரர்கள் என்றார்.

நான் வேறு நாட்டு வரிக்காரி என்று புரியவைக்க ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி ஆறும் நேரம் ஆயிற்று. புரிந்ததும் மனிதர் நண்பராகிவிட்டார். அவருடைய கல்லாவுக்கு மேலே முருகன், வேளாங்கண்ணி மாதா, மக்கா மூன்று படங்களும் ஒரே மாலையின் கீழ் இருந்தன. எல்லோருக்கும் காணிக்கை உண்டா என்று கேட்டேன்.

"மூணு பேருக்கும் குடுக்கேன். மூணு பேருல ஒருத்தராவது வீடு தேடி வந்து கேக்காகளா? கேட்டு வாரவனுக்குத்தான் குடுக்க மனசு வரமாட்டேங்கு" என்றார்.

மறுநாள் ஞாயிறு. பஸ்ஸில் என் முன்னால் உட்கார்ந்திருந்த இருவர் மற்றவர்களுக்குப் புரியாதிருக்க மலாயில் பேசிக்கொண்டு வந்தார்கள். தூத்துக்குடி பஸ்ஸில் மலாய் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது, காதைத் தீட்டிக்கொண்டேன். வயதானவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்த வருடச் சக்காத்துக் கணக்கை மூன்று தடவை போட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போகிறது. நாலாவது தடவை போட பயமாக இருக்கிறது." மற்றவர் சொன்னார்: "முதல் கணக்கோடு நிறுத்தியிருக்க வேண்டும்."

காயல்பட்டினம் வருவதற்குள் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி ஒரே ஒரு உடைமரத்தின் நிழலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். வயதானவரிடம் மலாயிலேயே பேச்சுக் கொடுத்தேன். தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். பினாங்கில் முப்பது வருடம் கடை வைத்திருந்தவராம். எந்தத் தெரு என்று கேட்டேன். என் வேலை தெரிந்தபிறகு அது அவருக்கு மறந்துபோய்விட்டது.

சக்காத்துக்குத் தணிக்கை உண்டா என்று கேட்டேன். நாற்பதில் ஒரு பங்கை நாமே கணக்குப் போட்டு ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும், பார்க்கிறவன் மேலே இருக்கிறான் என்றார். மேல்முறையீடு? அவர் யோசித்துவிட்டு, இதுவரை யாரும் போய்விட்டுத் திரும்பி வந்து சொல்லவில்லை என்றார். கொடுப்பதில் சந்தோஷம் உண்டா என்றும் கேட்டேன். கணக்குப் போடும் மூன்று நாளும் வீட்டில் யாரும் தன் பக்கத்தில் வரமாட்டார்கள் என்றும், கொடுத்து முடித்த அன்று மட்டும் பேரப்பிள்ளைகள் தாமாக வந்து மடியில் ஏறுவார்கள் என்றும் சொன்னார்.

இந்தப் பேச்சு சுவாரசியத்தில் அட்டைப்பெட்டியை வெயிலில் வைத்துவிட்டேன். திறந்து பார்த்தபோது மெழுகுப்பூக்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, பாதி எரிந்த மெழுகுவர்த்திபோல் ஆகியிருந்தன. கண்டக்டர் எட்டிப் பார்த்து, சாமிக்கு நேர்ந்த பொருளா என்று விசாரித்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கி, மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து ஊர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கல்யாண வீடு என்று அடையாளம் சொன்ன வீட்டில் சத்தமே இல்லை. சவேரியின் அண்ணன் இன்னாசி முற்றத்தில் வலையைப் போட்டுக்கொண்டு, கிழிசலைப் பொத்துவதுமில்லை, எழுந்திருப்பதுமில்லை என்று உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பிலோமி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, உருகிய பூமுடியைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அழுகை அதற்காக இல்லை என்று மணப்பெண் ரெஜினாதான் விளக்கினாள்.

கத்தோலிக்கர் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு கோயிலில் பெண் மாப்பிள்ளை பெயரை வாசிக்க வேண்டும். ஓலை வாசிப்பது என்பார்கள். அன்று காலைப் பூசையில் முதல் ஓலை வாசித்திருக்க வேண்டும், வாசிக்கவில்லை. காரணம், இன்னாசி ஏழு மாதமாகத் தெறிப்புக் கொடுக்கவில்லை.

தெறிப்பு என்பது கோயில் வரி. கரைக்கு வரும் மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு. சுறா பட்டால் அதன் துடுப்பு முழுவதும் கோயிலுக்கு. துடுப்பை இங்கே துவி என்கிறார்கள். கொடுக்காதவர்களுக்கு ஓலை இல்லை என்பது ஊர்க் கமிட்டியின் சட்டம். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. தவக்காலத்துக்கு முன்னால் மிச்சமிருப்பது மூன்றே ஞாயிறு. மாப்பிள்ளை கப்பலில் சமையல் உதவியாளர். ஈஸ்டருக்கு முன்பே ஏறினால் இரண்டு வருடம் கழித்துத்தான் இறங்குவார். வருகிற ஞாயிறு முதல் ஓலை விழாவிட்டால், இரண்டு வருடம் காத்திருக்க மாப்பிள்ளை வீட்டில் யாரும் தயாரில்லை. ரெஜினா இதையெல்லாம் அடுத்த வீட்டுக் கதைபோல நிதானமாகச் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்னாசியின் வழக்கு எளிது. போன வருடம் ஒரு பெரிய சுறா அவர் வலையைக் கிழித்துவிட்டது. அந்த ஒரு சுறாவின் துவியை மட்டும் விட்டுக்கொடுத்தால் புது வலை வாங்கிக்கொள்கிறேன் என்று கமிட்டியில் கேட்டார். முடியாது என்றார்கள். அன்றைக்குக் கோபித்துக்கொண்டு வந்தவர்தான்.

"ஏழு மாசமா ஒரு செதிலு குடுக்கல. கடலு என்னைய முழுங்கிச்சா? ஒரு காத்து கவுத்துச்சா? நாளும் கைநிறைய மீனோட வாரேன். அப்போ அதுக்கு முன்னால குடுத்த தெறிப்பெல்லாம் யாருக்குப் போய்ச் சேந்துது, சொல்லுங்க பாப்போம்" என்றார். ஊரில் எல்லோரிடமும் இதையேதான் சொல்லிவந்திருக்கிறார். சிலர் யோசிக்கவும் ஆரம்பித்திருந்தார்கள்.

திங்கட்கிழமை நான் ஒரு பெரிய தவறு செய்தேன். காலையில் கடற்கரையில் ஒரு சுறாவை அறுத்துக்கொண்டிருந்தார்கள். கோயில் கணக்கப்பிள்ளை பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு நின்று, துவியை வாங்கிச் சாக்கில் போட்டார். காயவைத்துக் கொழும்பு வழியாகச் சீனர்களுக்குப் போகும் என்றார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் அலுவலக வருட விருந்தில் மேலதிகாரி பெருமையோடு பரிமாறும் சுறாத்துடுப்புச் சூப்! இந்த ஊர்க்காரர்கள் இராயப்பருக்குக் கொடுத்த காணிக்கையை நான் வருடாவருடம் மிளகுப்பொடி தூவிக் குடித்துவந்திருக்கிறேன்.

ஆச்சரியம் தாங்காமல் வாயைத் திறந்துவிட்டேன். ஒரு கிண்ணம் சூப்பின் விலையில் இங்கே ஒரு வீட்டில் ஒரு வாரம் உலை வைக்கலாம் என்றேன். அதில் ருசி என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் கோழிச்சாறுதான் என்றும் சேர்த்துக்கொண்டேன். மீன் அறுத்த கத்தி அப்படியே நின்றது. மத்தியானத்துக்குள் கரை முழுக்கச் செய்தி போய்விட்டது. சாயங்காலத்துக்குள் இன்னும் நான்கு பேர் துவி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இன்னாசி ஏழு மாதத்தில் முதன்முறையாகச் சிரித்தார். பிலோமி என்னைப் பார்த்த பார்வையில் சோறு இறங்கவில்லை.

இருட்டுவதற்குள் பங்குச்சாமியார் ஆள் அனுப்பினார். ஒல்லியான மனிதர், வெள்ளை அங்கியின் ஓரத்தில் சைக்கிள் சங்கிலியின் கறுப்பு மை. திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். நாற்காலியை நகர்த்திப் போட்டு, கூரை ஒழுகாத இடம் அது ஒன்றுதான் என்று உட்காரச் சொன்னார். மழைக்காலம் முடிந்து ரொம்ப நாளாகியும் தரையில் வைத்த சட்டிகளை எடுக்கவில்லை.

கல்யாணப்பெண்ணுக்கு நெட்டுக் கொண்டுவந்தவள் ஊருக்குக் கலகத்தையும் கொண்டுவந்துவிட்டாய் என்று வருத்தத்தோடுதான் சொன்னார். தெறிப்பு அவருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் இரண்டு வாத்தியாருக்குச் சம்பளம் அதிலிருந்துதான் போகிறது. கடலில் செத்தவர்களின் வீட்டுக்கு அரிசி போகிறது. பிறகு தொழில்முறையில் ஒரு சந்தேகம் கேட்டார். எங்கள் நாட்டில் எப்படிக் கட்டவைக்கிறோம்?

பயமுறுத்துவோம் என்றேன்.

"எங்ககிட்ட நரகம் இருந்துச்சு. இப்போ அதைச் சொன்னா, சாமி அங்கனயும் வெயிலு இவ்வளவு இருக்குமான்னு கேக்கான்."

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. ரயிலிலிருந்து இறங்கிய நாள் முதல் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்ததை அவரிடமும் கேட்டேன். இவ்வளவு கொடுத்து நம்புகிறவர்களுக்குச் சந்தோஷம் கிடைக்கிறதா? அவர் சட்டிகளைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"சந்தோசம் தருவேன்னு நான் யாருக்கும் சொன்னதில்லம்மா. சொல்லிட்டுத் தரலேன்னா என் சட்டையப் பிடிப்பாங்க" என்றார். ஓலை விஷயத்தில் கமிட்டியை மீறித் தனியாக எதுவும் செய்ய முடியாது, சனிக்கிழமை ஊர்க்கூட்டம் போடுகிறேன், நீயும் வர வேண்டும் என்றார்.

செவ்வாய்க்கிழமை பிலோமி மீன்கூடையோடு அடுத்த ஊருக்குப் புறப்பட்டாள். நான் செய்த காரியத்துக்குப் பிராயச்சித்தமாக நானும் கூடப் போனேன். மணலில் அவள் நடந்தாள், நான் தத்தளித்தேன். இனிமேல் வரும் வெயிலை நினைத்தே எனக்கு வியர்த்தது. அடுத்த ஊர் எல்லையில் ஓர் அந்தோணியார் குருசடி இருந்தது. நாலு தூணும் ஒரு சிலுவையும் உள்ள சின்னக் கோயில். பிலோமி கூடையை இறக்கி, அதிலிருந்து நல்ல மீனாகப் பொறுக்கி ஒரு பங்கு எடுத்துக் குருசடிக்காரக் கிழவியிடம் கொடுத்தாள். கிழவி இதற்காகவே காத்திருந்தவள்போல ஓலைப்பெட்டியை நீட்டினாள்.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன்.

"அவரு நிறுத்துன நாள்ல இருந்து" என்றாள். "நம்ம கோயில்ல குடுத்தா அவருக்குத் தெரிஞ்சிரும். இங்கனன்னா யாருக்குத் தெரியும்? செவ்வாய்க்கு செவ்வாய் வந்துருவேன்."

மீன் விற்பது இவள் பொறுப்பு என்பதால் கூடையில் என்ன குறைந்தது என்று இன்னாசிக்குத் தெரிய வழியில்லை. பயமா என்று கேட்டேன். அவள் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"அவரு கோவிச்சுக்கிடலாம்க்கா. கடல்ல இருக்கும்போது அவருக்கு வலையப் பாக்கவே நேரம் சரியா இருக்கும். கரையில நிக்கது நான்லா."

கொஞ்ச தூரம் போனதும் அவள் நின்று, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டாள். எந்தச் சாமி மேல் என்றேன். நீங்கள் மெய்யாகவே நம்புகிற சாமி மேல் என்றாள். நான் மனதுக்குள் தேடிப் பார்த்தேன். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவது அன்னதானத்துக்கும் சேர்த்துத்தான். சந்தேகமே இல்லாமல் நான் நம்பியிருந்த ஒன்று என் பென்ஷன். அதன் மேல் சத்தியம் செய்தேன். பென்ஷன் என்றால் என்ன என்று கேட்டு, கிழவியான பிறகு சர்க்கார் சோறு போடும் என்று தெரிந்துகொண்டதும், அது நல்ல சாமிதான் என்று ஒத்துக்கொண்டாள்.

அடுத்த நான்கு நாளும் அந்த வீட்டில் ஒரு ரகசியத்துக்கும் ஒரு சவடாலுக்கும் நடுவில் சாப்பிட்டேன். இன்னாசி தினமும் மீனோடு வந்து, "பாத்தியளா, இன்னைக்கும் முழுசா வந்துட்டேன்" என்பார். பிலோமி சட்டியைக் கிளறிக்கொண்டிருப்பாள். சாளைமீன் குழம்பும் புட்டும் பினாங்கில் எந்தக் கடையிலும் கிடைக்காத ருசி. ஆனாலும் ஒவ்வொரு வாய்க்கும் உண்மை தொண்டைவரை வந்து, மீன்முள்போல நின்றது. ரெஜினா நெட்டை எடுத்துத் தலையில் போட்டுப் பார்ப்பதும், மடித்துப் பெட்டியில் வைப்பதுமாக இருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் முற்றத்தில் கூட்டம். ஆண்கள் மணலில் உட்கார்ந்தார்கள், பெண்கள் சுவரோரம் நின்றார்கள். எனக்கு மட்டும் சாமியார் வீட்டு நாற்காலி. கணக்கப்பிள்ளை நோட்டைத் திறந்து இன்னாசியின் பாக்கியை வாசித்தார். இன்னாசி எழுந்து தன் வழக்கமான பேச்சைப் பேசினார். கடல் தன்னை விழுங்காததுதான் அத்தாட்சி என்று முடித்தார். துவி தரமாட்டோம் என்ற நான்கு பேரும் தலையாட்டினார்கள். கூட்டத்தில் முணுமுணுப்பு கூடியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊர் இரண்டாகிவிடும் என்று எனக்கே தெரிந்தது.

சாமியார் என் பக்கம் திரும்பினார். வரி விஷயம் தெரிந்தவள், நீ ஒரு வார்த்தை சொல் என்றார்.

நான் எழுந்தேன். பென்ஷன் நினைவு வந்தது. யார் பெயரையும் சொல்லாமல் எங்கள் தொழிலில் உள்ள ஒரு சட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். ஒருவன் ஒரு நாட்டில் சம்பாதித்து அங்கேயே வரி கட்டிவிட்டால், அதே சம்பாத்தியத்துக்கு இன்னொரு நாடு மறுபடியும் கேட்கக் கூடாது என்று நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. இரட்டை வரி விலக்கு என்று பெயர். அதுபோல, ஒரு வீட்டு மீனுக்கு இன்னோர் ஊரில் பங்கு போயிருந்தால் அதை இந்த ஊர் கழித்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எந்த வீட்டு மீன், எந்த ஊர் என்று கணக்கப்பிள்ளை கேட்டார். உதாரணத்துக்குச் சொன்னேன் என்றேன். உதாரணத்துக்கு மீன் எதற்கு என்றார். எனக்கு வியர்த்தது. இன்னாசி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பார்.

சுவரோரத்திலிருந்து பிலோமி முன்னால் வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, புருஷனைப் பார்க்காமல் சாமியாரைப் பார்த்துச் சொன்னாள்.

"அவ்வோ சத்தியம் பண்ணிக் குடுத்துட்டுத் தவிக்காவோ சாமி. நானே சொல்லுதேன். ஏழு மாசமும் எங்க வீட்டுத் தெறிப்பு போய்க்கிட்டுத்தான் இருக்கு. அந்தோணியாருக்கு."

இன்னாசி மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏளா, ஏழு மாசமுமா?"

"ஒரு செவ்வாய் விடல."

"சுறாவுக்கு?"

"துவிய வித்துக் காசா உண்டியல்ல போட்டேன்."

அவர் முகத்தில் கோபம் ஏறி வந்ததை நான் பார்த்தேன். அது பாதி வழியில் எதையோ நினைத்துக்கொண்டு நின்றுவிட்டது. ஏழு மாதமாக ஊர் முழுக்கக் காட்டிய அத்தாட்சி கையைவிட்டுப் போய்விட்டது என்று அவருக்கு உறைத்தது. தெறிப்புக் கொடுக்காமலே பத்திரமாக வந்தவன் இந்த ஊரில் ஒருவன்கூட இல்லை. பின்வரிசையில் யாரோ, "அப்போ மச்சான் முழுசா வந்ததுக்குக் காரணம் பிலோமி அக்காதான்" என்றார். அவ்வளவுதான், முற்றமே சிரித்தது. துவி கிடையாது என்ற நான்கு பேரும் திரும்பித் தங்கள் மனைவிமாரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அதில் இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கணக்கப்பிள்ளை மட்டும் விடவில்லை. அந்தோணியாருக்குக் கொடுத்தது இராயப்பருக்கு எப்படிச் சேரும், அது வேறு பங்கு, வேறு நோட்டு என்றார். நான் எழுந்து, இலாகா ஒன்றுதான், கவுண்டர்தான் வேறு என்றேன். சாமியார் குனிந்து அங்கியின் மையைத் துடைப்பதுபோலச் சிரிப்பை மறைத்தார். பிறகு நிமிர்ந்து, ஏழு மாதப் பாக்கி தள்ளுபடி என்றார்.

நான் அதோடு உட்கார்ந்திருக்கலாம். தொழில் விடவில்லை. எங்கள் நாட்டில் தொழில் செய்கிறவனின் கருவி உடைந்தால் அதையும் வரியில் கழிப்போம், வலையைக் கிழித்த சுறாவின் துவி வலைக்குத்தான் போக வேண்டும் என்றேன். இதற்குக் கமிட்டி இருட்டும்வரை சண்டை போட்டது. கிழிசலை யார் அளப்பது, பழைய கிழிசலைக் காட்டினால் என்ன செய்வது என்று அவர்கள் கேட்ட கேள்விகளைக் கேட்டபோது, இவர்களில் யாரும் எங்கள் அலுவலகத்தில் நாளைக்கே சேரலாம் என்று தோன்றியது. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அளக்கும் வேலை கணக்கப்பிள்ளைக்கு. அவருக்கு அதில் கொஞ்சம் ஆறுதல்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் இன்னாசி பிலோமியோடு பேசவில்லை. ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோதும் பேசவில்லை. சட்டியில் மீன் தீர்ந்ததும், "அந்தோணியாருக்கு எந்த மீன் குடுத்த" என்று மட்டும் கேட்டார். சீலாமீன் என்றாள். "எனக்குச் சாளை" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை விழுந்தது. சாமியார் பெயரை வாசித்தபோது இன்னாசி பல் பிடுங்கிக்கொள்கிறவர்போல உட்கார்ந்திருந்தார். ரெஜினா தரையையே பார்த்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

நடுவில் இரண்டு வாரம் சாத்தான்குளத்தில் இருந்தேன். அங்கே என் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் தேவாலயத்துக்குத் தசமபாகம் கொடுக்கிறவர்கள், பாதிப் பேர் அம்மன் கோயிலுக்கு வரி கொடுக்கிறவர்கள். யார் அதிகம் கொடுக்கிறார்கள் என்பதில் அவர்களுக்குள் முப்பது வருடப் போட்டி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்றாகக் கவலைப்பட்டார்கள்.

திங்கட்கிழமை, தவக்காலத்துக்கு இரண்டு நாள் முன்னால், கல்யாணம். உருகிய மெழுகுப்பூவுக்குப் பதில் ரெஜினாவே வெள்ளைக் காகிதத்தில் முடி செய்திருந்தாள். மெழுகைவிட நன்றாக இருந்தது. நான் அதைச் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. மாப்பிள்ளை கப்பல் சமையலறையில் வேலை பார்ப்பவர் என்பதால் பந்தியில் ஒவ்வொரு பதார்த்தத்தையும் முகர்ந்து பார்த்தார். இன்னாசி அந்த வாரம் பட்ட சுறாவின் துவியைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். கொடுத்துவிட்டு அவரை ஊரறியத் திட்டினார். பிறகு கையில் இலையைக் கொடுத்து, கறி போதுமா என்று கேட்டுப் பரிமாறினார். இப்போது மனசுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

"ஏசிக்கிட்டுக் குடுத்தாத்தான் குடுத்த மாதிரி இருக்கு. ஏழு மாசமா ஏசதுக்கு ஆளில்லாம கெடந்தேன்" என்றார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, விடியற்காலையில் பஸ் பிடிக்கக் கிளம்பினேன். கல்யாணக் களைப்பில் ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. மணல் பாதையில் எனக்கு முன்னால் ஒருத்தி கூடையோடு வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். பிலோமிதான். மூச்சு வாங்க ஓடிப் பிடித்தேன். கூடையில் பாதிக்குமேல் சீலாமீன்.

இன்னாசிதான் இப்போது ஊரிலேயே தெறிப்புக் கொடுக்கிறாரே, ஒரே மீனுக்கு இரண்டு இடத்தில் கொடுக்கக் கூடாது என்றுதானே அத்தனை பேர் முன்னால் வாதாடினேன் என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் மனத்தாங்கல்.

அவள் நடையை நிறுத்தவில்லை.

"அது வரி, அக்கா. இது நான் குடுக்கது" என்றாள். "சுருக்கா நடங்க, மணலு சுட ஆரம்பிச்சிரும்."